சிவப்பு ஒண்ணு, சிக்னல் ரெண்டு

"ரோட்டு சிக்னலும் ரயில் சிக்னலும் ஒண்ணுதானே மாமா? செவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. இதுல என்ன பெரிய வித்தியாசம்?"

ஒன்பதாவது படிக்கிற அக்கா பையன் கேட்டது. கேள்வி என்னமோ சின்னதுதான். பதில் சொல்ல உட்கார்ந்தா இழுத்துக்கிட்டே போகுது. ரயில் பைத்தியம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அதனால இந்தப் பதிவும் கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க :-)

முதல்லயே என் கட்சி என்னன்னு சொல்லிடறேன். ரெண்டு சிக்னலும் ஒரே வயித்துல பொறந்த பிள்ளைங்கதான். மூத்தவன் ரயிலு, இளையவன் ரோடு. கலர் எல்லாம் மூத்தவன்கிட்ட இருந்து இளையவன் வாங்கிக்கிட்டான். ஆனா மூத்தவன் அடிபட்டு உதைபட்டுக் கத்துக்கிட்ட பாடத்தை மட்டும் இளையவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. ரயில் சிக்னல் பச்சை காட்டினா டிரைவர் நம்பிப் போறார். ரோட்டு சிக்னல் பச்சை காட்டினாலும் நாம ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்துட்டுத்தான் போறோம். "நம்ம ஜனங்களுக்கு ஒழுக்கம் கிடையாது சார்"னு சொல்லிட்டு இதைத் தாண்டிப் போயிடறோம். எனக்கு அந்தப் பேச்சுல உடன்பாடு இல்ல.

பொறந்த கதை

உலகத்தோட முதல் ரோட்டு சிக்னலை வச்சது ஒரு ரயில்வேக்காரர். பேர் ஜான் பீக் நைட். 1868 டிசம்பர்ல, லண்டன் பார்லிமென்ட் கட்டடத்துக்கு வெளியில. அப்ப காரும் கிடையாது பஸ்ஸும் கிடையாது, குதிரை வண்டி நெரிசலுக்கே இந்த ஏற்பாடு. செஞ்சு கொடுத்தது சாக்ஸ்பி அண்ட் ஃபார்மர் கம்பெனி. அவங்க தொழிலே ரயில் சிக்னல் செய்யறதுதான். அதனால பகல்ல காட்ட நம்ம ஊர் பழைய ரயில் கைகாட்டி மாதிரி கைகள். ராத்திரிக்கு கேஸ் விளக்கு, சிவப்பும் பச்சையும். ஒரு போலீஸ்காரர் பக்கத்துல நின்னு இயக்கணும்.

ஒரு மாசம் கூட முழுசா ஓடல. 1869 ஜனவரி ஆரம்பத்துல கேஸ் கசிஞ்சு வெடிச்சு அந்தப் போலீஸ்காரருக்குப் பலமான காயம். அதோட அந்த ஏற்பாட்டை மூட்டை கட்டிட்டாங்க. அப்புறம் கரண்ட் வந்து, கார் வந்து, 1914-ல் அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரத்துல சிவப்பு பச்சை ரெண்டும் மின்சாரத்துல எரிஞ்சது. 1920-ல் டெட்ராய்ட்ல வில்லியம் பாட்ஸ்னு ஒரு போலீஸ் அதிகாரி நடுவுல மஞ்சளைச் சேர்த்தார். அந்த மஞ்சளும் ரயில்வேயில ஏற்கனவே இருந்ததுதான்.

கலர் கதையில ஒரு சுவாரசியம் உண்டு. ஆரம்ப கால ரயில்ல பச்சைக்கு "ஜாக்கிரதை"ன்னு அர்த்தம். "தாராளமா போ"ன்னு சொன்னது வெள்ளை விளக்கு. இதுல ஒரு வில்லங்கம். சிவப்புக் கண்ணாடி உடைஞ்சு விழுந்துட்டா உள்ள இருக்கிற விளக்கு வெள்ளையாத் தெரியும். அதாவது "நில்லு"ன்னு சொல்ல வேண்டிய சிக்னல், உடைஞ்ச உடனே "போ"ன்னு சொல்லிடும்! அதோட ஊருக்குள்ள இருக்கிற மத்த வெள்ளை விளக்கு எல்லாம் குழப்பும். அதனால வெள்ளையைத் தூக்கிட்டு பச்சையைப் "போ"வுக்குக் கொண்டு வந்தாங்க, மஞ்சளை "ஜாக்கிரதை"க்கு வச்சாங்க.

"உடைஞ்சா என்ன ஆகும்?" - இந்தக் கேள்வியை ஞாபகத்துல வச்சுக்குங்க. மிச்சக் கதை முழுக்க இதுதான்.

எங்க ஊருக்கு எது முதல்ல?

உலகத்துல ரயில் மூத்தவன்னு சொன்னேன். கன்னியாகுமரி மாவட்டத்துல மட்டும் தலைகீழ். எங்க மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல்தான், திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும். திருநெல்வேலி - நாகர்கோவில் பாதை 1981-ல். அது வரைக்கும் பஸ்தான் எல்லாம். ரயில் பாக்கணும்னா திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகணும்னு வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க.

அதனாலயோ என்னமோ எங்களுக்கு "ஜங்ஷன்"னா ரோட்டு ஜங்ஷன்தான். வேப்பமூடு ஜங்ஷன், செட்டிகுளம் ஜங்ஷன், கலெக்டர் ஆபீஸ் ஜங்ஷன். நாலு கடை, ஒரு பஸ் ஸ்டாப் இருந்தா அது ஜங்ஷன். நாகர்கோவில் ரயில்வே ஜங்ஷன் அந்த வரிசையில கடைசியா வந்து சேர்ந்தது. ஆனா பாருங்க, அங்கேயும் வேலை அதேதான். திருவனந்தபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரின்னு மூணு திசைப் பாதை வந்து கூடுது. ஒரே இடத்தை ஒரே நேரத்துல ரெண்டு பேர் கேக்காம பாத்துக்கணும். வேப்பமூட்டுல நிக்கிற டிராஃபிக் போலீஸுக்கும் ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டருக்கும் தலைவலி ஒண்ணுதான்.

ஒத்துமை

ஒண்ணு, நேரத்தைப் பங்கு போடறது. இடம் ஒண்ணு, கேக்கறவன் நாலு பேர். "இப்ப நீ, அப்புறம் அவன்." ரெண்டு சிக்னலுக்கும் அடிப்படை இதுதான்.

ரெண்டு, குறுக்கே வர்ற ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல பச்சை கிடையாது. ரயில்ல இதுக்கு இன்டர்லாக்கிங்னு பேரு. ஒண்ணு இழுத்தா இன்னொண்ணு அசையாதபடி பூட்டிக்கிற ஏற்பாடு. 1856-ல் இதுக்குக் காப்புரிமை வாங்கினவர் ஜான் சாக்ஸ்பி, மேல சொன்ன கம்பெனியோட சாக்ஸ்பியேதான். நல்ல ரோட்டு சிக்னல் பெட்டிக்குள்ளேயும் இதே மாதிரி காவல்காரன் ஒருத்தன் உண்டு. தப்பித்தவறி ரெண்டு பக்கமும் பச்சை வந்தா உடனே எல்லாத்தையும் நிறுத்திட்டு கண் சிமிட்ட விட்டுடுவான்.

மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒத்தை ரயில் பாதையில பல இடங்கள்ல டோக்கன் முறை இருந்தது. பெரிய வளையத்துல தோல் பை, அதுக்குள்ள ஒரு உருண்டை. அது கையில இருந்தாத்தான் டிரைவர் அந்தப் பாதைக்குள்ள நுழையலாம். அடுத்த ஸ்டேஷன்ல கொடுத்துடணும். இதே சமாச்சாரத்தை ரோட்டுலயும் பாத்திருக்கேன். மலை ரோட்டுல ஒரு பக்கம் தோண்டிப் போட்டிருப்பாங்க, ஒரு வண்டி போற அளவுதான் இடம். இந்த முனையில நிக்கிறவர் கடைசி வண்டிக்காரர்கிட்ட ஒரு குச்சியைக் கொடுத்து விடுவார். குச்சி அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் அங்க நிக்கிற வண்டி எல்லாம் கிளம்பும். அவருக்கு ரயில்வே டோக்கன் பத்தி யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டாங்க. தேவை வந்தா புத்தி ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருது.

இப்ப வித்தியாசத்துக்கு வருவோம்.

மஞ்சள் பேசற பாஷை

ரோட்டுல மஞ்சள் வந்தா "இன்னும் கொஞ்ச விநாடியில சிவப்பு வரும்"னு அர்த்தம். அது நேரத்தைப் பத்திப் பேசுது. ரயில்ல ஒத்தை மஞ்சள் வந்தா "அடுத்த சிக்னல்ல நிக்கத் தயாரா வா"ன்னு அர்த்தம். அது இடத்தைப் பத்திப் பேசுது. ரெட்டை மஞ்சளும் உண்டு. "தொடர்ந்து வா, ஆனா அடுத்த சிக்னலை வேகம் குறைச்சுத்தான் தாண்ட வேண்டி இருக்கும்"ங்கறது அது.

ஏன் இப்படி? ஆயிரம் டன்னுக்கு மேல இருக்கிற எக்ஸ்பிரஸ் ரயில், 100 கிலோமீட்டர் வேகத்துல வந்தா நிக்கறதுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேணும். சிவப்பைக் கண்ணால பாத்ததுக்கு அப்புறம் பிரேக் போட்டா கதை கந்தல். அதனால ஸ்டேஷனுக்கு வெளியில இருக்கிற ஹோம் சிக்னலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே டிஸ்டன்ட்னு ஒரு சிக்னல் நின்னு தகவல் சொல்லுது. ஒவ்வொரு சிக்னலும் தன்னைப் பத்தி மட்டும் பேசாம அடுத்தவனைப் பத்தியும் சொல்லும்.

ரோட்டு மஞ்சள்ல இருக்கிற கணக்கைப் பாருங்க. 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி 3 விநாடியில 42 மீட்டர் போயிடும். சுதாரிக்க ஒரு விநாடி, அப்புறம் பதமா பிரேக் போட்டு நிக்கன்னு பாத்தா தேவைப்படறது ஏறக்குறைய 46 மீட்டர். கிட்டத்தட்ட சமாளிச்சுக்கலாம். அதே இடத்துல ஒரு பஸ் 70-ல வருதுன்னு வைங்க. 3 விநாடியில அது போறது 58 மீட்டர். நின்னுக்கிட்டு வர்ற பயணிகள் விழாம நிறுத்தணும்னா 80 மீட்டருக்கு மேல வேணும். அப்ப 58-க்கும் 80-க்கும் நடுவுல இருக்கும்போது மஞ்சள் விழுந்தா அந்த டிரைவர் என்ன செய்வார்? நிறுத்தவும் முடியாது, சிவப்புக்கு முன்னாடி தாண்டவும் முடியாது. சிக்னல் அவரைக் குற்றவாளி ஆக்கிடுது.

இது என் கண்டுபிடிப்பு இல்ல. காசிஸ், ஹெர்மன், மாரடூடின்னு மூணு பேர் 1960-லேயே மஞ்சள் விளக்கைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதி, இந்த இக்கட்டைக் கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. வேகத்தைக் குறைக்கணும், இல்லேன்னா மஞ்சள் நேரத்தைக் கூட்டணும். ரெண்டும் செய்யாம "சிக்னலை மீறிட்டான்"னு திட்டறது என்ன நியாயம்?

கம்பி அறுந்தா?

இப்ப அந்த "உடைஞ்சா என்ன ஆகும்" கேள்விக்கு வர்றேன்.

பழைய கைகாட்டியைப் பாத்தவங்களுக்குத் தெரியும். கை நேரா நீட்டி இருந்தா நில்லு. கீழ இறங்கி இருந்தா போ. "கைகாட்டி இறங்கிருச்சு, வண்டி வரப் போவுது"ன்னு பிளாட்பாரத்துல ஒரு குரல் கேக்கும். கேபின்ல இருந்து கம்பியை இழுத்தாத்தான் கை இறங்கும். நடுவுல கம்பி அறுந்துட்டா? எதிர் எடை இழுத்து, கை தானா நேரா நீட்டிக்கும். நில்லு! கெட்டுப் போனா சிவப்பு. சந்தேகம் வந்தா சிவப்பு.

இந்தப் புத்தி சும்மா வரல. 1876 ஜனவரி 21, இங்கிலாந்துல அபட்ஸ் ரிப்டன்ங்கிற இடம். கடும் பனி. கைகாட்டியோட கையிலயும் கம்பியிலயும் பனி உறைஞ்சு, "போ"ன்னு காட்டின நிலையிலேயே ஒட்டிக்கிச்சு. கேபின்ல சிவப்புக்குத் தள்ளிட்டாங்க, வெளியில கை அசையல. ஸ்காட்லாண்ட்ல இருந்து வந்த எக்ஸ்பிரஸ் ஒரு நிலக்கரி வண்டியில மோதிச்சு. அந்த இடிபாட்டுல எதிர்ப்பக்கத்து எக்ஸ்பிரஸ் வந்து மோதிச்சு. அது வரைக்கும் சிக்னல் சாதாரணமா "போ"ன்னுதான் நிக்கும், தேவைப்பட்டா மட்டும் "நில்லு". இந்த விபத்துக்கு அப்புறம் வழக்கம் திரும்பிப் போச்சு. சாதாரண நிலையே "நில்லு". எல்லாம் சரியா இருக்குன்னு நிரூபிச்சாத்தான் "போ".

மின்சாரத்துலயும் அதே குணம். தண்டவாளத்துலயே லேசா மின்சாரம் ஓட விடுவாங்க. 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் காப்புரிமை வாங்கின யோசனை. ரயில் அதுல ஏறினா சக்கரமும் அச்சும் குறுக்கே பாலம் போட்ட மாதிரி ஆகி, அந்தப் பக்கம் இருக்கிற ரிலேக்கு மின்சாரம் போகாது. ரிலே விழும், சிக்னல் சிவப்பு. அழகு என்னன்னா, பேட்டரி செத்தாலும் ரிலே விழும். ஒயர் அறுந்தாலும் விழும். தண்டவாளமே முறிஞ்சாலும் பெரும்பாலும் விழும். எது நடந்தாலும் சிவப்பு.

ரோட்டு சிக்னல் கெட்டுப் போனா என்ன ஆகும்? இருட்டு! சிவப்பும் இல்ல, பச்சையும் இல்ல. பெருசா ஹார்ன் இருக்கிறவனுக்கு பச்சை, சைக்கிள்காரனுக்கும் ரோட்டைத் தாண்டப் பாக்கற கிழவிக்கும் சிவப்பு. எங்க பக்கத்துல ஒரு ஜங்ஷன்ல சிக்னல் கம்பம் கம்பீரமா நிக்குது. அது எரிஞ்ச நாளை விட எரியாத நாள்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. மழைக்காலத்துல சாயங்காலம் கரண்ட் போனதும் அங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க கையைக் கோத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டறதைப் பாக்கணும். வயித்தைக் கலக்கும்.

பச்சைக்குப் பின்னாடி என்ன இருக்கு?

ரோட்டுல பச்சை எரியுதுன்னா அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு கடிகாரம் இருக்கு. அவ்வளவுதான். ஜங்ஷன் நடுவுல லாரி பஞ்சராகி நின்னாலும் நேரம் வந்தா பச்சை விழும்.

நாகர்கோவில் மாதிரி ஒரு ஸ்டேஷனோட ஹோம் சிக்னல்ல பச்சையோ மஞ்சளோ விழணும்னா என்னென்ன வேணும் தெரியுமா? தண்டவாளம் பிரியற இடத்துல எல்லாம் பாயின்ட் சரியான பக்கம் திரும்பி, பூட்டி இருக்கணும். அந்தப் பாதையில வேற வண்டி இருக்கக் கூடாது. குறுக்கே வேற வண்டிக்கு வழி விட்டிருக்கக் கூடாது. நடுவுல பூட்டோட இணைச்ச லெவல் கிராஸிங் இருந்தா அது மூடி இருக்கணும். டிரைவர் நிறுத்த வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிட்டா கூட ஆபத்து வராம இருக்க, அதுக்கு அப்பால 120 மீட்டர் காலியா இருக்கணும். இத்தனையும் சேர்ந்தாத்தான் விளக்கு மாறும். அந்தப் பச்சை ஒரு சர்ட்டிஃபிகேட்.

இன்னொரு சின்ன வித்தியாசம். ரோட்டுல சிவப்பு மேல இருக்கும், ரயில்ல அடியில இருக்கும். ரயில் டிரைவருக்கு முன்னாடி மறைக்க வண்டி கிடையாது, அதனால முக்கியமான சிவப்பை அவர் கண்ணுக்கு நேரா அடியில வச்சாங்க. ரோட்டுல முன்னாடி பஸ் நிக்கும், அதனால சிவப்பு உச்சியில. ரயில் டிரைவர் ஆகணும்னா கலர் பார்வைப் பரிசோதனை கண்டிப்பா உண்டு. 1875-ல் ஸ்வீடன்ல லாகர்லுண்டா ரயில் விபத்துக்கு அப்புறம் ஹோம்கிரென்ங்கிற பேராசிரியர் கலர் நூல்கண்டை வச்சு சோதிக்க ஆரம்பிச்சது இது. ரோட்டுல அப்படிக் கறார் பண்ண முடியாது. நம்ம நாட்டுல 2020-ல் இருந்து ஓரளவு கலர் குருடு இருக்கிறவங்களும் லைசென்ஸ் வாங்கலாம். அவங்களுக்கு விளக்கோட இடம்தான் பாஷை. மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ. அதனால படுக்க வச்சும் கவுத்து வச்சும் சிக்னல் மாட்டறது வெறும் அழகுப் பிரச்சனை இல்ல.

அண்ணாச்சி சொன்னது

ரயில்வே சிக்னல் பிரிவுல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சி உண்டு எனக்குப் பழக்கம். அவர்கிட்ட, "ரயில்வேயில எல்லாரும் ஒழுக்கமா இருக்காங்க, ரோட்டுல இல்ல, அதானே அண்ணாச்சி?"ன்னு வாயைக் கிண்டினேன்.

சிரிச்சுட்டார். "தம்பி, டிரைவர் யோக்கியனா இல்லியான்னு பாத்தா நாங்க சிக்னல் போட்டோம்? அவனும் மனுசன்தான். உறக்கம் வரும், வீட்டுல சண்டை இருக்கும். ஸ்டேஷன் மாஸ்டரும் மனுசன்தான், நானும் மனுசன்தான். ஒருத்தன் தப்புப் பண்ணினா இன்னொண்ணு பிடிச்சு நிப்பாட்டணும், கேட்டியா? அதுக்குத்தான் பூட்டு. யாரையும் நம்பாதேன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாவ. உங்க ரோட்டுல எல்லாவனையும் நம்பி விட்டிருக்கு. பொறவு ஏன் சாவ மாட்டான்?"

2023-ல் மட்டும் இந்திய ரோடுகள்ல செத்தவங்க 1.72 லட்சத்துக்கு மேல. இவங்க எல்லாரும் சிக்னல்ல சாகல, அது எனக்கும் தெரியும். ஆனா அண்ணாச்சி கேட்டது சிக்னலுக்கு மட்டும் ஆன கேள்வி இல்லையே.

பூட்டை ஏமாத்தினா

ரயில்வேயைத் தலையில தூக்கி வச்சு ஆடறேன்னு நினைக்காதீங்க. 2023 ஜூன் 2 ராத்திரி ஒடிஷாவில் பாலசோர் பக்கம் பஹாநகா பஜார் ஸ்டேஷன். சென்னைக்கு வந்துக்கிட்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன்ல நேராப் போக பச்சை. ஆனா பாயின்ட் திரும்பி இருந்தது பக்கத்து லூப் லைனுக்கு. அங்க நின்ன சரக்கு வண்டியில மோதி 290-க்கும் மேல உயிர் போச்சு. டிரைவர் பண்ணின தப்பு இல்ல. அவர் பச்சையை நம்பினார், நம்பத்தான் வேணும்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரோட விசாரணையில வெளியில வந்தது என்ன? அங்க சிக்னல் ஒயரிங்ல முன்னாடி செஞ்ச மாற்றத்துலயும், அன்னைக்கு லெவல் கிராஸிங் தடுப்பு மாத்தற வேலையிலயும் நடந்த குளறுபடி. வெளியில ஒயரை மாத்தினதுல, பாயின்ட் எந்தப் பக்கம் இருக்குங்கிற பொய்ச் சேதி பூட்டுக்குள்ள போயிருக்கு. பூட்டு தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சது, பொய்யை நம்பி.

அதனால ரயில்வேயோட பாடமும் "மெஷின் போட்டாச்சு, தூங்கலாம்" இல்ல. கை வச்சா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சோதிச்சுப் பாத்துட்டுத்தான் திறந்து விடணும். அதை விட்ட இடத்துல மூத்தவனும் இளையவன் மாதிரி ஆயிடறான்.

ரெண்டு பேரும் சந்திக்கிற இடம்

ரோடும் ரயிலும் நேருக்கு நேரா முகம் பாக்கறது லெவல் கிராஸிங்ல. எங்க ஊர் பேச்சுல சொன்னா, கேட்டு. "கேட் அடைச்சுட்டான்"னு அலுத்துக்காத ஆள் குமரி மாவட்டத்துல உண்டா?

பிராட்கேஜ் பாதையில ஆள் இல்லாத கேட் எல்லாத்தையும் 2019 ஜனவரிக்குள்ள ரயில்வே எடுத்துட்டாங்க. நல்ல காரியம். ஆனா ஆள் இருக்கிற கேட்டுலயும் ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு இன்டர்லாக் பண்ணினது. தடுப்பு இறங்கிப் பூட்டினாத்தான் ரயிலுக்கு சிக்னல் விழும். கேட் கீப்பர் மறந்தா ரயில் நிக்கும், அவ்வளவுதான். இன்னொண்ணு இன்டர்லாக் இல்லாதது. ஸ்டேஷன் மாஸ்டர் போன் பண்ணுவார், கேட் கீப்பர் "அடைச்சாச்சு"ன்னு ஒரு ரகசிய எண் சொல்லுவார், அதை நம்பி வண்டியை விடுவாங்க. அதாவது ஒரு மனுசனோட வாய் வார்த்தைதான் பூட்டு.

2025 ஜூலை 8 காலையில, கடலூர் பக்கம் செம்மங்குப்பத்துல என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூட வேன், திறந்து கிடந்த கேட், பாசஞ்சர் ரயில். மூணு பிள்ளைங்க போயிட்டாங்க. அது இன்டர்லாக் இல்லாத கேட். மூடாமலேயே "மூடியாச்சு"ன்னு ஸ்டேஷனுக்குத் தகவல் போயிருந்ததா விசாரணைச் செய்திகள் வந்துச்சு. அன்னைக்கு டிவி எல்லாத்துலயும் ஒரே பேச்சு, "கேட் கீப்பர் தூங்கினாரா, வேன் டிரைவர் திறக்கச் சொன்னாரா?" கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அதுக்கு மேல ஒரு கேள்வி இருக்கு. ஒருத்தர் தூங்கினா மூணு பிள்ளைங்க சாகற மாதிரி ஒரு ஏற்பாட்டை, 1856-லேயே பூட்டு கண்டுபிடிச்சாச்சுங்கிற உலகத்துல, எதுக்கு இன்னும் வச்சிருந்தோம்?

பதில் ஒரு எண். ஒரு நாளைக்கு அந்த கேட்டைத் தாண்டற ரயிலையும் வண்டிகளையும் பெருக்கி வர்ற கணக்கு 20,000-ஐத் தாண்டினாத்தான் இன்டர்லாக் கட்டாயம்னு வச்சிருந்தாங்க. செம்மங்குப்பத்துக்கு அப்புறம் அதை 10,000-ஆக் குறைச்சிருக்காங்க. சந்தோஷம். ஆனா 9,000 கணக்கு இருக்கிற கேட்டைத் தாண்டற பிள்ளையும் பிள்ளைதானே?

"ரோடு ரயில் ஆகுமாய்யா?"

இந்தக் கேள்வி வரும், வரணும். ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு, பயிற்சி எடுத்த டிரைவர் உண்டு. ரோட்டுல மாடு வரும், ஆடு வரும், சுசீந்திரம் தேரு வரும், கோட்டாறு சவேரியார் திருவிழாக் கூட்டம் வரும். இதுக்கெல்லாம் எங்க போய் இன்டர்லாக் போடறது? ஒத்துக்கறேன். முழுசா முடியாது. ஆனா மூத்தவனோட குணத்துல நாலைக் கடன் வாங்கலாம். பெரிய செலவும் இல்ல.

கெட்டுப் போனா இருட்டாகக் கூடாது. பேட்டரி வச்சு, குறைஞ்சபட்சம் சிவப்போ மஞ்சளோ கண் சிமிட்டணும். இப்ப எல்.இ.டி. விளக்குதானே, கரண்ட் கொஞ்சம்தான் தின்னும்.

மஞ்சள் நேரமும், எல்லாப் பக்கமும் சிவப்பா இருக்கிற இடைவெளி நேரமும், அந்தந்த ரோட்டுல வண்டி நிஜமா வர்ற வேகத்துக்குக் கணக்குப் போட்டு வைக்கணும். கிழவி ஒருத்தி தாண்டி முடிக்கிற நேரமும் அந்தக் கணக்குல வரணும்.

நாலு வழிச்சாலையில பறந்து வந்து, இல்லேன்னா மேம்பாலத்துல இருந்து இறங்கி, உடனே சிக்னல் வர்ற இடங்கள்ல முன்கூட்டியே "அங்க சிவப்பு"ன்னு சொல்ற விளக்கு ஒண்ணு வேணும். ரோட்டுக்கும் ஒரு டிஸ்டன்ட் சிக்னல்.

நாலாவது, கணக்கு எழுதறது. ரயில்வே ஸ்டேஷன்கள்ல டேட்டா லாகர்னு ஒரு பெட்டி உண்டு. எந்த சிக்னல் எத்தனை மணிக்கு என்ன காட்டினதுன்னு அது எழுதிக்கிட்டே இருக்கும், கோளாறு வந்தா யாராவது பதில் சொல்லியாகணும். நம்ம ஜங்ஷன்ல சிக்னல் எத்தனை நாள் எரியலன்னு யார்கிட்டயாவது கணக்கு இருக்கா? கேமரா வச்சு நாம மீறினதை எழுதறாங்க, வேண்டியதுதான். சிக்னல் நம்மளைக் கைவிட்டதையும் அதே நோட்டுல எழுதணும்.

கடைசியா, இன்டர்லாக் இல்லாத கேட் ஒண்ணு கூட மிச்சம் இருக்கக் கூடாது. இதுல எண்ணைப் பெருக்கிப் பாக்கற வேலையே வேண்டாம்.

அக்கா பையனுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவு நீளம் இல்ல. "ரயில் சிக்னல் தனக்கே சந்தேகம் வந்தா சிவப்பு காட்டும்டா. ரோட்டு சிக்னல் சந்தேகம் வந்தா அணைஞ்சு போயிடும். அதனால பச்சை விழுந்தாலும் நீ ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போ"ன்னேன். இப்போதைக்கு அவனுக்கு அது போதும். ஆனா அவன் லைசென்ஸ் வாங்கற காலத்துலயும் இதே பதிலைத்தான் சொல்லணும்னா, அது அவன் ஒழுக்கத்தோட குறையா இருக்காது.

உங்க ஊர் ஜங்ஷன் சிக்னல் இன்னைக்கு எரியுதா? ஒரு தடவை பாத்துட்டு வந்து சொல்லுங்க.